நான்கு நிமிடக் காத்திருப்பைத் தீர்த்துவைத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கோடு (நிரல்) எழுதும் விஷுவல் ஸ்டுடியோவில் டீபக் செய்ய, அதாவது கோட்டை ஓட்டிப் பார்த்துப் பிழை தேட, எஃப்5 அழுத்தினால் என் வெப் அப்ளிகேஷனின் முதல் பக்கம் வர நான்கு நிமிடம் ஆகிறது என்று உங்களிடம் வந்து நின்றேன். இன்று அதே பக்கம் பத்து விநாடிக்குள் வருகிறது. ஒவ்வொருவரிடமும் தனியாக நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனாலும் யார் என்ன சொன்னீர்கள், அதனால் எது தெரியவந்தது என்பதை எல்லோர் முன்னிலையிலும் எழுதிவைக்காமல் எனக்கு மனசு ஆறவில்லை.

முதல் நன்றி அக்காவுக்கு. நான் இரண்டு நாளாக டேட்டாபேஸையே குடைந்துகொண்டிருந்தேன். டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் குவெரிதான் மெதுவாக இருக்கிறது என்று முடிவே செய்துவிட்டு, தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் வேறு மூன்று சேர்த்திருந்தேன். நீங்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கன்ட்ரோல் எஃப்5 போட்டுப் பார்த்தியா?" என்றீர்கள். போட்டுப் பார்த்தேன். டீபக்கர் இல்லாமல் ஓட்டியதும் பக்கம் உடனே வந்து நின்றது. அதே கோடு, அதே டேட்டாபேஸ். அப்படியானால் என் கோடு மெதுவாக இல்லை, டீபக்கர்தான் எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் இன்னும் எத்தனை இன்டெக்ஸ் சேர்த்திருப்பேனோ தெரியாது.

அது எதற்குக் காத்திருக்கிறது என்று காட்டியவர் அண்ணன். "சும்மா உட்கார்ந்திருக்காதே, கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பார்" என்றீர்கள். அதுவரை அந்தப் பக்கம் கண்ணே போனதில்லை. பார்த்தால், சிம்பல் (டீபக்கருக்கு உதவும் விவரம்) ஏற்றுவதாக ஒரு டிஎல்எல் (அப்ளிகேஷன் பயன்படுத்தும் கோடு அடங்கிய ஃபைல்) பெயர் வருகிறது, இரண்டு விநாடி அப்படியே நிற்கிறது, பிறகு அடுத்த பெயர். ஏற்றப்பட்ட டிஎல்எல்களைப் பட்டியலிடும் மாட்யூல்ஸ் விண்டோவைத் திறந்து எண்ணச் சொன்னீர்கள். சுமார் 120 வரிசை இருந்தது. ஒன்றுக்கு இரண்டு விநாடி என்றால் 240 விநாடி, அதாவது நான்கு நிமிடம். கணக்கு அப்படியே பொருந்தியதும் எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

இதே சிக்கலில் இருப்பவர்களுக்காகக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பைல் ஆன கோட்டின் எந்த இடம் நாம் எழுதிய எந்த வரி என்று டீபக்கருக்குச் சொல்வது பிடிபி ஃபைல். சிம்பல் இருப்பது அதில்தான். ஜஸ்ட் மை கோட் என்ற செட்டிங் ஆன் ஆக இருந்தால், பொதுவாக நம் கோடு அல்லாத டிஎல்எல்களின் பிடிபியை விஷுவல் ஸ்டுடியோ தேடிப் போகாது. ஒரு லைப்ரரிக்குள் நுழைந்து பார்க்க வேண்டியிருந்ததால் சில மாதங்களுக்கு முன்பு நான் அதை ஆஃப் செய்திருந்தேன். திரும்ப ஆன் செய்யவில்லை. அது மட்டும் என்றால் பரவாயில்லை. சிம்பலை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிள் ஒன்றும் என் மெஷினில் இருந்தது. அது காட்டிய நெட்வொர்க் ஃபோல்டர் இப்போது இல்லவே இல்லை. ஒவ்வொரு டிஎல்எல்லுக்கும் அந்த முகவரியைத் தட்டி, பதில் வராமல் காத்திருந்து, பிறகுதான் அடுத்ததுக்குப் போயிருக்கிறது. வேரியபிளை நீக்கினோம், ஜஸ்ட் மை கோட்டை ஆன் செய்தோம், விஷுவல் ஸ்டுடியோவை ஒருமுறை மூடித் திறந்தோம். மூடித் திறக்காமல் பார்த்திருந்தால் பழைய மதிப்பே இருந்திருக்கும், சரியாகவில்லை என்று நினைத்திருப்பேன். அதையும் ஞாபகப்படுத்தியது நீங்கள்தான் அண்ணா.

அப்புறம் தம்பி. பக்கம் சீக்கிரம் வந்தாலும் ஃபைலிலிருந்து டேட்டா ஏற்றும் இடம் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தாலும் தயங்காமல், "லூப்புக்குள்ளே கண்டிஷனல் பிரேக்பாயின்ட் இருக்கே" என்று நீ சுட்டிக்காட்டினாய். நிபந்தனை பொருந்தினால் மட்டும் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் புள்ளி அது; இருந்ததோ 20,000 முறை சுற்றும் லூப்புக்குள். ஒவ்வொரு சுற்றிலும் அப்ளிகேஷனை நிறுத்தி, நிபந்தனையைச் சரிபார்த்து, பொருந்தவில்லை என்று மறுபடி ஓடவிட வேண்டும். நான் அதைச் சிவப்புப் புள்ளி என்று மட்டுமே நினைத்திருந்தேன். நீ சொன்னபடி கோட்டிலேயே ஒரு இஃப் எழுதி, அதற்குள் சாதாரண பிரேக்பாயின்ட் வைத்தேன். இழுவை போய்விட்டது. வேலை முடிந்ததும் அந்த இஃப்பை மறக்காமல் எடுத்துவிட வேண்டும் என்று நீயே எழுதியும் ஒட்டிவிட்டுப் போனாய்.

நாம் கேட்கும் மதிப்புகளை டீபக் செய்யும்போது காட்டும் வாட்ச் விண்டோவைக் கவனித்துச் சொன்ன தோழிக்கும் நன்றி. நான் அதில் போட்டுவைத்திருந்த ஒரு ப்ராப்பர்ட்டி, மதிப்பைத் தருவதற்குள் டேட்டாபேஸுக்குப் போய்வரும். எஃப்10 அழுத்தி ஒரு வரி நகர்ந்தால் அதுவும் ஒருமுறை ஓடும். நீக்கியதும் விரல் அழுத்துகிற வேகத்துக்கு வரிகள் நகர்ந்தன.

ஆன்டிவைரஸாக இருக்கலாம் என்று சொன்ன நண்பருக்குத் தனியாக ஒரு வார்த்தை. காரணம் அதுவல்ல என்று ஆனது. ஆனால் அனுமதி வாங்கி, கம்பைல் ஆன ஃபைல்கள் சேரும் பில்ட் ஃபோல்டரை மட்டும் அதன் சோதனையிலிருந்து விலக்கி, முன்னும் பின்னும் நேரம் குறித்து, உடனே பழையபடி மாற்றிவைக்கச் சொன்னீர்களே, அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளந்து பார்க்க அன்றுதான் பழகினேன். உங்கள் சந்தேகம் தவறு என்று தெரிந்ததும் என்னைவிட நீங்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டீர்கள்.

எங்கள் குழுவில் இன்னும் இருவருடைய மெஷினில் அதே வேரியபிள் இருந்தது. நேற்று அவர்களுக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா, நீங்கள் சொன்னபடி அந்த மூன்று இன்டெக்ஸையும் நீக்கிவிட்டேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்களில் ஒருவன்