ஸ்டாக் கிளாஸ்ல எதத் தொடலாம், எதத் தொடக்கூடாது

ஆசிரியர் சார், வணக்கம்.

உங்க விளையாட்டுப் பக்கத்துல ஏடிவி ரேஸ் பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். மண்ணுல மேடு பள்ளத்துல ஓடுற இந்த நாலு வீல் குவாட் பத்தியெல்லாம் தமிழ்ல எழுதுறதே அபூர்வம், அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா ஸ்டாக் கிளாஸ்னா ஷோரூம்ல இருந்து வந்த வண்டி அப்படியே ஓடணும், ஒரு நட்டு கூட மாத்தக்கூடாது, மாத்த விட்டதாலதான் அந்த கிளாஸே கெட்டுச்சுன்னு முடிச்சிருக்கீங்க பாருங்க, அதப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. சின்னச் சின்ன ரேஸ்கள்ல வண்டி செக் பண்ற இடத்துல டேப்பும் கையுமா நிக்கிற ஆளு நான். கொஞ்சம் நீளமா எழுதுறேன், வேணும்னா வெட்டிக்கோங்க.

ஷோரூம் வண்டிய அப்படியே தள்ளிட்டு வந்தா முக்கால்வாசி இடத்துல செக்கிங்லயே திருப்பி அனுப்பிடுவாங்க சார். முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல நெர்ஃப் பார்னு ஒரு கம்பி, அதுல வலை கட்டியிருக்கணும், இல்லன்னா கால் வழுக்கின உடனே பின் டயர் உள்ள இழுத்துடும், பக்கத்துல வர்றவன் வீல் நடுவுல பூந்து ரெண்டு வண்டியும் சேர்ந்து உருளும். அப்புறம் டெதர், கையில கட்டுற கயிறு, ஆளு விழுந்தா கயிறு பிடுங்கிட்டு வந்து எஞ்சின் ஆஃப் ஆகணும். இதெல்லாம் பெரும்பாலும் கம்பெனி மாட்டிக் குடுக்கிறது இல்ல, நாமதான் மாட்டணும். ஹேண்டில்பார், கிரிப், லீவர், டயர், செயின் ஸ்ப்ராக்கெட் இதெல்லாம் விழுந்தா வளையும், ஓட ஓடத் தேயும், அதனால பொதுவா விட்டுடுவாங்க. மத்ததுக்கு ரூல்புக் சொல்றது ஒரே விஷயம்: மாத்தலாம்னு எழுதியிருந்தா மாத்து, எழுதலன்னா தொடாத.

சரி, நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் பூட்டிட்டோம்னு வைங்க, என்ன ஆகும்? ஹோண்டா 400ஈஎக்ஸ் 1999-ல வந்தது, அகலம் 45.3 இஞ்ச். யமஹா ஒய்எஃப்இசட்450 2004-ல, 46.1 இஞ்ச். அதே யமஹா 2009-ல விட்ட ஒய்எஃப்இசட்450ஆர் 48.8 இஞ்ச். மூணுமே ஸ்டாக் தான், எவனும் எதையும் தொடல. ஆனா 450 சிசி கிளாஸ்ல 2004 வண்டியும், 2009 வண்டியும் ஒண்ணா வளைவுல நுழைஞ்சா ஒருத்தனுக்கு 2.7 இஞ்ச் அகலம் கூட, பழைய வண்டிக்காரன் உள்பக்க வீல் தூக்காம இருக்க த்ராட்டில விட்டே ஆகணும். போதாததுக்கு பழசு கார்புரேட்டர், புதுசு ஃபியூயல் இஞ்செக்ஷன். அப்ப கண்டிப்பான ஸ்டாக் ரூல்னா யாருக்கு லாபம்? புது மாடல் வாங்க வசதி இருக்கிறவனுக்கு. இத யாருமே பேச மாட்டேங்கிறாங்க, எல்லாரும் எஞ்சினப் பத்தியே பேசுறாங்க.

என்னக் கேட்டா அகலத்துக்கு ஒரு உச்சவரம்பு வெச்சிட்டு (அமெரிக்காவுல ஏடிவி மோட்டோகிராஸ்ல 50 இஞ்ச்) அது வரைக்கும் வீல வெளிய தள்ளி வைக்கிற ஸ்பேசரோ, அதே மாதிரி வீல் வெளிய தள்ளி நிக்கிற ஆஃப்செட் ரிம்மோ போட்டுக்க விட்டுடணும். பெரிய செலவு இல்ல. வீல் நடுவுல இருக்கிற ஹப் பேரிங்குக்கு லோடு கூடும், சீக்கிரம் போகும், அத அவனவன் பாத்துப்பான். முன் வீலையும் ஃபிரேமையும் இணைக்கிற A வடிவக் கம்பிதான் ஏ-ஆர்ம், அதுல லாங் டிராவல்னு நீளமான ஒண்ணு இருக்கே, அதுக்கு மட்டும் கதவ மூடியே வைக்கணும். அது வெறும் அகலம் இல்ல, சஸ்பென்ஷன் மேல கீழ போற தூரம், வீல் நிக்கிற கோணம் எல்லாமே மாறிடும், அதுக்கு ஏத்த ஷாக் அப்சார்பர் புதுசா வாங்கணும், கூட்டிப் பாத்தா இன்னொரு பழைய வண்டி வாங்குற காசு.

அளக்கிறதுலயும் ஒரு கூத்து இருக்கு, சொல்றேன் கேளுங்க. முன்பக்கம் தனித்தனி ஏ-ஆர்ம், கீழ் நோக்கிச் சரிஞ்சு நிக்கும், வண்டி அமுங்கினா ஆர்ம் நேராகி அகலம் கூடும். வெவரமான பசங்க என்ன பண்றாங்கன்னா செக்கிங் இடத்துக்கு வந்ததும் பம்பரப் பிடிச்சு முன்பக்கத்தத் தூக்கி மெதுவா கீழ வைப்பாங்க, வீல் உள்பக்கமா ஒடுங்கி நிக்கும், டயர் தரையப் பிடிச்சுக்கறதால வண்டி உடனே முழுசா இறங்காது, டேப் வெச்சா கம்மியா காட்டும். அதே வண்டிய நாலடி முன்னாடி உருட்டி நிறுத்தினா ஒழுங்கா உக்காந்துடும், டேப்பும் உண்மையச் சொல்லும். 50 இஞ்ச்னு எழுதினா போதாது சார், உருட்டின பிறகு, டயர்ல இவ்வளவு காத்து, ஆள் மேல இருக்கணுமா வேணாமா, எல்லாம் எழுதணும். எழுதாத ரூல்புக்க வெச்சிட்டு ஒருத்தன டிஸ்குவாலிஃபை பண்ணா சண்டை வராம என்ன பண்ணும்.

எஞ்சின் விஷயம் இதவிட சுலபம். ஒய்எஃப்இசட்450ஆர்ல போர், அதாவது சிலிண்டர் விட்டம், 95 மிமீ, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல கீழ போற தூரம், 63.4 மிமீ, கணக்குப் போட்டா 449 சிசி. 98 மிமீ பிஸ்டன் போட்டா 478 ஆயிடும். ஹெட்டக் கழட்டாமலே ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா சிசி அளக்கிற கருவி இருக்கு, பெரிய பிஸ்டன் போட்டவன் மாட்டிக்குவான். வால்வத் திறக்கிற கேம்ஷாஃப்ட்ட மாத்தினதும், காத்து போற வழியத் தேய்ச்சுப் பெருசாக்குற போர்ட்டிங்கும்தான் திறந்து பாத்தா தெரியும். அதுக்கு நெறைய இடத்துல ப்ரொடெஸ்ட் முறை இருக்கு, சந்தேகப்படுறவன் டெபாசிட் கட்டணும், எஞ்சின் சுத்தமா இருந்தா அந்தக் காசு திறந்து மூடுற செலவுக்கு வண்டிக்காரனுக்குப் போயிடும், தப்பு இருந்தா டெபாசிட் திரும்பி வரும். நல்ல முறைதான், ஆனா கூடப் பொறக்காத அண்ணன் தம்பி மாதிரி பழகிட்டு எவன் எவன் மேல காசு கட்டுவான்.

தலைவலி ஈசியூதான், எஞ்சினக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர். ஃபிளாஷ் பண்ணா, அதாவது உள்ள இருக்கிற ப்ரோக்ராம மாத்தினா, இக்னிஷன் டைமிங், பெட்ரோல் அளவு, ஆர்பிஎம் லிமிட் எல்லாம் மாறும், வெளிய ஒரு கீறல் கூட இருக்காது. அதத் தடைன்னு எழுதிட்டு செக் பண்ண வழி இல்லன்னா ரூல மதிக்கிறவன் மட்டும்தான் தோப்பான். நடத்துறவங்களே ஒவ்வொரு மாடலுக்கும் ரெண்டு மூணு ஸ்டாக் ஈசியூ வாங்கி வெச்சிட்டு, ரேஸுக்கு முன்னாடி குலுக்கல்ல வர்ற வண்டியில மாட்டி விடலாம், கனெக்டரக் கழட்டி மாட்டுற வேலைதான. கார்புரேட்டர் வண்டியில பெட்ரோல் போற சின்னத் துளையான ஜெட்ட மாத்தக்கூடாதுன்னு சில பேர் சொல்றது மட்டும் எனக்குப் புரியவே இல்ல, காத்து மாறும்போது ஜெட் மாத்தலன்னா உயரமான இடத்துலயும் வெயில்லயும் பெட்ரோல் அதிகமாகி வண்டி திணறும், குளிர்ல மிக்சர் லீன் ஆகி, அதாவது பெட்ரோல் கம்மியாகி, பிஸ்டன் போயிடும். இஞ்செக்ஷன் வண்டியில அத சென்சாரே பாத்துக்கும்.

ஷாக்குக்கும் இதே நியாயம்தான். 55 கிலோ பையனும் 95 கிலோ ஆளும் ஒரே ஸ்ப்ரிங்ல ஓட்டணும்னா எப்படி? கம்பெனி குடுத்த ஷாக் பாடி அப்படியே இருக்கட்டும், உள்ள வால்வும் ஸ்ப்ரிங்கும் மாத்திக்கட்டும், வேற கம்பெனி ஷாக் வேணாம். மோட்டோகிராஸ் பைக்குக்கு 1986-ல அமெரிக்காவுல புரொடக்ஷன் ரூல் வந்தப்பவும் கிட்டத்தட்ட இந்த வழிதான், ஃபேக்டரிக்காரங்க தனியா செஞ்ச வொர்க்ஸ் பைக்குக்குத் தடை, கடையில கிடைக்கிற வண்டியில வேலை செஞ்சு ஓட்டலாம்.

இந்த கிளாஸோட நோக்கமே செலவக் கட்டுப்படுத்துறதுதான். ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர் 1989-லயும் சுஸுகி எல்டி250ஆர் 1992-லயும் நின்னு போனப்புறம் பெரிய ஜப்பான் கம்பெனிகள் ரேஸுக்குன்னே செஞ்ச புது குவாட் ரொம்ப வருஷம் விடல, காசு இருக்கிறவங்க தனி ஃபிரேம் செஞ்சு 250ஆர் எஞ்சினையும், அப்புறமா மோட்டோகிராஸ் பைக் எஞ்சினையும் உள்ள வெச்சு ஓட்டினாங்க. பாக்க அழகு, சாதாரண ஆளுக்கு எட்டாக்கனி. 2004 வாக்குல கம்பெனியே செஞ்ச 450 சிசி ரேஸ் குவாட் வந்தப்புறம்தான் கடையில வாங்கி ஓட்டினவனும் முன்னாடி வர ஆரம்பிச்சான். கட்டுரையில இந்தப் பின்னணி ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தம்.

ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ ரிசல்ட் போடும்போது இன்னாரு டிஸ்குவாலிஃபைன்னு மட்டும் போடாதீங்க, எந்த பார்ட்டுக்காக, அது எத்தன மிமீ கூட இருந்துச்சுன்னும் விசாரிச்சுப் போடுங்க. ஏமாத்தினவனையும், ஸ்பேசர் கால் இஞ்ச் தடிப்பா மாட்டினவனையும் ஒரே வரியில போட்டா படிக்கிறவங்க ரெண்டு பேரையும் திருடன்னுதான் நினைப்பாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்