வெள்ளிக்கிழமையில் வரும் ஞாயிறு

தோகா, கத்தார்
14 நவம்பர் 2025, வெள்ளி இரவு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். சென்ற வாரம் போனில், "அங்கே உனக்கென்று யார் இருக்கிறார்கள்?" என்று அப்பா கேட்டபோது, அறையில் எட்டுப் பேர் இருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். படம் எடுத்துத் தம்பியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன், நாளைக்கே வாசித்துவிடுவீர்கள்.

இங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியையே அன்று நிறைவேற்றுகிறார்கள். நகரின் ஓரத்தில் மெசைமீர் என்னும் இடத்தில், அரசு கொடுத்த நிலத்தில், எல்லாச் சபைகளின் கோவில்களும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. நம்முடையது செபமாலை அன்னை ஆலயம். 2008 மார்ச்சில் அதை அர்ச்சித்தவர், மும்பையின் பேராயராக இருந்த கர்தினால் ஐவன் டயஸ். வாசலில் காவலர்கள் பையைச் சோதித்த பிறகே உள்ளே விடுகிறார்கள். வெளியே சிலுவை கிடையாது, மணியும் கிடையாது. அப்பா, நீங்கள் நம் கோவிலில் விடியற்காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும்போது இங்கே மூன்று மணி; அந்த நேரத்தில் பல நாள் எனக்கு விழிப்புத் தட்டியிருக்கிறது.

வந்த புதிதில் இரண்டு மாதம் வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம் போட்டார்கள். பிறகு ஒருநாள், நாங்கள் தங்கியிருக்கும் சனாயா என்ற தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து கோவிலுக்குப் போனபோது, நேரம் தெரியாமல் மலையாளத் திருப்பலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. அடுத்த முறை போனபோது தமிழ்த் திருப்பலி முடிந்திருந்தது. தமிழ்த் திருப்பலியின் நேரத்தைச் சொன்னவர், கரக் டீக்கடையில் எனக்கு முன்னால் நின்ற நாகர்கோவில் ஓட்டுநர் அண்ணாச்சி. என் கழுத்திலிருந்த செபமாலையைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார். கிருஷ்ணகிரி என்றதும், "அந்தப் பக்கம் நம்ம ஆட்கள் உண்டா?" என்றார். எலத்தகிரியையும் கோவிலூரையும், 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நம் தருமபுரி மறைமாவட்டத்தையும் பற்றி நான் விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

ஆனாலும் அதற்குப் பிறகு பல வாரம் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இறுதி ஆசீர் முடிந்ததும் வண்டியைப் பிடிக்க ஓடுபவனாகவே இருந்தேன். தூத்துக்குடி, கன்னியாகுமரிக்காரர்களே அதிகம். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும் சில உண்டு. பாட்டின் சொற்கள் நமக்குத் தெரிந்தவைதான், மெட்டுதான் வேறு. நம் ஊர்ப் பேச்சில் கலந்திருக்கும் தெலுங்கைக் கேட்டுச் சிலர் சிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்டில் ஆயா இறந்தபோது எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த வெள்ளியன்று யாருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று கேட்கும் திருப்பலிக் கருத்தில் ஆயாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்தேன். பெயரை வாசித்ததும் என் தோள்கள் குலுங்கியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்தவர் திருப்பலி முடியும்வரை விடவில்லை. வெளியே வந்தால் அண்ணாச்சி, அவருடைய அன்பியத்தார் (ஒன்றுகூடிச் செபிக்கும் சிறு குழுவினர்), யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் என்று எல்லாரும் நிற்கிறார்கள். "முப்பதாம் நாள் எப்போது வருகிறது, தம்பி?" என்று அக்கா கேட்டார். நான் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன்.

அந்த முப்பதாம் நாளை ஒட்டி வந்த வெள்ளிக்கிழமை, வளாகத்தில் நிழல் விழும் சுவரோரத்தில் ஒரு மடக்கு மேசை போட்டிருந்தார்கள். அதன்மேல் நாற்பது எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்கள் இருந்தன. ஈயத்தாளில் சுற்றியது, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய். பணம் கொடுக்கப் போனேன். அண்ணாச்சி என் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்துவிட்டார். நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நீங்கள் பரிமாறியிருப்பீர்கள். இங்கே நான் நின்றுகொண்டு, பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் என் கையால் பொட்டலம் கொடுத்தேன். வாங்கிய ஒவ்வொருவரும் ஆயாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது திருப்பலிக்கு முன் பாட்டுப் புத்தகம் அடுக்குவது என் வேலை. பாடற்குழுவில், யார் மெட்டுச் சரி என்பதில் தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் தீராத வழக்கு நடக்கிறது. சண்டையில்லாத பாடற்குழுவை அப்பா நம் பங்கிலும் கண்டதில்லையே! அக்கா போன வாரம் மாம்பழக்கூழ் டின் ஒன்று கொண்டுவந்தார்; திருப்பிப் பார்த்தால் அடியில் கிருஷ்ணகிரி என்று அச்சிட்டிருந்தது. நம் பெங்களூரா மாங்காய் எனக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தோம்.

இன்று முதல்முறையாக இரண்டாம் வாசகம் என்னை வாசிக்கச் சொன்னார்கள். உழைக்க மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதிய பகுதி. வாரத்தில் ஆறு நாள் கம்பியும் சிமெண்டும் சுமக்கிற ஆட்கள் முன்னால் நின்று அதை வாசிக்க எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்து சிரித்ததையும் பார்த்தேன். "தெசலோனிக்கர்" என்ற சொல்லில் நாக்குக் குழறிவிட்டது. நாளை மறுநாள் இதே வாசகத்தை நீங்கள் அங்கே வாசிப்பீர்கள். அந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள், அப்பா.

அம்மாவுக்கு ஒரு வேலை. அடுத்த மாதம் ஓசூரிலிருந்து ஒருவர் இங்கே திரும்பி வருகிறார். அவரிடம் இரண்டு கிலோ கேழ்வரகு மாவு கொடுத்தனுப்புங்கள். களி என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்து அக்காவுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். களி கிண்டும் கோல் வேண்டாம்; இங்கே தச்சு வேலை செய்யும் நண்பர் ஒருவர் செய்துகொண்டிருக்கிறார்.

உங்கள் அன்பு மகன்