குடும்பத்தார் தரும் செய்தியை ஏற்றுக்கொள்ளுங்கள்: முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முன்னாள் மாணவர் சங்கச் செயற்குழுவினருக்கும் சங்க இதழின் ஆசிரியர் குழுவினருக்கும் வணக்கம்.

இந்தக் காலாண்டு இதழின் கடைசிப் பக்கங்களில் ‘தொடர்பில் இல்லாதோர்’ என்ற தலைப்பில் நீங்கள் வெளியிட்டிருக்கும் பட்டியலில், எங்கள் ஆண்டுக்குக் கீழே, சென்ற ஆண்டு காலமான எங்கள் வகுப்புத் தோழரின் பெயர் அச்சாகியிருக்கிறது. இவர்கள் இருக்குமிடம் அறிந்தவர்கள், தற்போதைய பணி விவரங்களை உடனே பதிவு செய்யுமாறு இவர்களிடம் சொல்ல வேண்டும் என்ற குறிப்பும் பட்டியலின் மேலே இருக்கிறது. அவர் மறைந்த செய்தி அலுவலகத்துக்கு எட்டவில்லை என்று சொல்ல வழியில்லை. அவருடைய துணைவியார் எழுதிய கடிதங்களும், அவற்றுக்கு நீங்கள் அனுப்பிய பதில்களும் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. ஆகவே அவற்றை இங்கே வரிசையாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இறந்தவரைப் பற்றிய செய்தியை அவர் வீட்டார் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்க மறுத்தீர்கள். பிறகு அவரைக் காணவில்லை என்று நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். இதற்கு மேலும் தனிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால், உறுப்பினர் அனைவரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். முன்னாள் மாணவரைப் பற்றி அவருடைய குடும்பத்தார் தரும் செய்தியை ஏற்றுக்கொண்டு, ‘வகுப்புச் செய்திகள்’ பகுதியில் வெளியிடுங்கள்.

அந்த அம்மையார் எதிர்கொண்டவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்தி அனுப்ப விரும்புவோர் உறுப்பினர் கணக்கில் நுழைய வேண்டும். நுழைவதற்கான ஓடிபி, உறுப்பினரின் கைப்பேசி எண்ணுக்கு மட்டுமே வரும். கணவர் மறைந்த சில வாரங்களில் அந்த எண்ணை அவர் ஒப்படைத்துவிட்டார். எண்ணை மாற்றித் தருமாறு கேட்டபோது, உறுப்பினரே நேரில் விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது. இறந்துபோனார் என்பதைத் தெரிவிக்க வந்தவரிடம், இறந்தவரே வந்து விண்ணப்பிக்கட்டும் என்று எழுதிய அந்தக் கடிதத்தில் ஓர் அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. பிறகு தபாலில் நான்கு வரிகள் எழுதி, இறப்புச் சான்றிதழின் நகலையும் இணைத்து அனுப்பினார். மூன்றாம் நபரிடமிருந்து தனிப்பட்ட விவரங்களைப் பெறுவது தனியுரிமை விதிகளுக்கு முரணானது என்று அதற்கும் மறுப்பு வந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவியை உங்கள் அலுவலகம் மூன்றாம் நபர் என்று எழுதியிருக்கிறது.

இதன் விளைவை நீங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். எங்கள் தோழர் கடிதம் எழுதுவதை விடாதவர். படித்து முடித்துப் பல நாடுகளுக்குப் பிரிந்து போன வகுப்பு நண்பர்களில் பலருக்கு, வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்களுக்கும்கூட, ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுதிவிடுவார். அவர்களில் ஒவ்வொருவராக, அவர் மறைந்தது தெரியாமல், அவர் பெயருக்கே எழுதுகிறார்கள். ஒருவர் பேரக்குழந்தை பிறந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்கிறார். இன்னொருவர், ஏன் இத்தனை நாளாகப் பதில் இல்லை என்று உரிமையோடு கோபித்துக்கொள்கிறார். ஒவ்வொரு கடிதத்தையும் அந்த அம்மையார்தான் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் மறைந்துவிட்டார் என்ற வரியை ஒவ்வொரு முறையும் தம் கையால் எழுத வேண்டியிருக்கிறது. அதைப் படித்து அதிர்ந்துபோகும் நண்பர் தொலைபேசியில் அழைக்கும்போது, அவருக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பும் இவர் மீதே விழுகிறது. இதழில் நான்கு வரி வந்திருந்தால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்திருக்கும். ஓர் இதழ் ஒரே நாளில் செய்திருக்க வேண்டிய வேலையை, துக்கத்தில் இருக்கும் ஒரு பெண் மாதக்கணக்கில் தனியாகச் செய்துகொண்டிருக்கிறார்.

இதற்கிடையில் நன்கொடை வேண்டுகோள் மட்டும் எங்கள் தோழரின் மின்னஞ்சலுக்குத் தவறாமல் வருகிறது. எண் இல்லை, கணக்கில் நுழைய முடியாது, மூன்றாம் நபர் என்ற தடைகள் எதுவும் அந்த வேண்டுகோளை நிறுத்தவில்லை. அந்த மின்னஞ்சலை இப்போது பார்ப்பவர் அவருடைய மகள். உங்கள் அண்மைச் சாதனை என்ன என்று கேட்கும் தொனியில் தொடங்கும் அந்த மடல்களை இனி அனுப்ப வேண்டாம் என்று அந்தப் பெண் எழுதியதற்கும் பதில் இல்லை.

தனியுரிமை என்ற காரணத்தை நான் இலேசாக எண்ணவில்லை. உறுப்பினர் விவரங்களைக் காப்பது உங்கள் கடமை. யாரோ ஒருவர் விளையாட்டாக அனுப்பும் பொய்ச் செய்தி அச்சேறிவிடக் கூடாது என்ற கவலையும் நியாயமானது. ஆனால், உலகில் மிகக் கண்டிப்பானவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இறந்தவர்களின் தனிப்பட்ட தரவுகளுக்கு அந்த ஒழுங்குமுறை பொருந்தாது என்று அதன் முன்னுரையின் 27ஆம் பத்தி கூறுகிறது. உறுப்பு நாடுகள் வேண்டுமானால் தனி விதி வகுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது. கோடிக்கணக்கானோரின் கணக்குகளைக் கையாளும் பேஸ்புக், இறந்தவரின் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றித் தருமாறு குடும்பத்தாரும் நண்பர்களும் கேட்பதற்கான வழியை 2009லேயே அறிவித்தது. தமக்குப் பின் பக்கத்தைக் கவனித்துக்கொள்ள ஒருவரை உயிரோடு இருக்கும்போதே நியமித்துவைக்கும் வசதியை 2015இல் சேர்த்தது. முகம் தெரியாத மனிதர்களிடையே ஒரு நிறுவனத்தால் இதைச் செய்ய முடிகிறது என்றால், ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர்கள் இருக்கும் சங்கத்தால் முடியாதா? சான்றிதழின் நகலைப் பார்த்து, அதே ஆண்டில் படித்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் ஐயம் தீர்ந்துவிடும். எங்கள் ஆண்டைப் பொறுத்தவரை அப்படிக் கேட்க நான் இருக்கிறேன். இன்னும் பலரும் இருக்கிறார்கள்.

இத்தகைய சங்கங்கள் எதற்காகத் தோன்றின என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் 1821இல் தொடங்கிய சங்கமே முன்னாள் மாணவர் சங்கங்களுள் மிகப் பழமையானது என்பார்கள். கல்லூரித் தலைவரும் மாணவர்களில் ஒரு பகுதியினரும் வேறு ஊருக்குப் பிரிந்து சென்று, கல்லூரி நிலைக்குமா என்ற நிலை வந்தபோது, பழைய மாணவர்கள் அதைக் காக்க ஒன்றுகூடினார்கள். கைவிட்டுப் போகாமல் இருப்பதற்காகத் தோன்றிய அமைப்பு அது. யேல் பல்கலைக்கழகம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து சுமார் தொண்ணூறு ஆண்டுகள், மறைந்த பட்டதாரிகளைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டு வந்தது. பெற்றோர் யார், யாரை மணந்தார், பிள்ளைகள் எத்தனை பேர், எந்த நோயால் இறந்தார் என்பவையும், வகித்த பதவிகளோடு சேர்த்து, அந்தக் குறிப்புகளில் இடம்பெற்றன. வீட்டாரின் உதவியின்றி இப்படிப்பட்ட விவரங்களைத் திரட்டுவது எளிதல்ல. ஹார்வர்டில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வகுப்பு அறிக்கைகளில், பழைய மாணவர்கள் தம் வாழ்க்கையைத் தம் சொற்களிலேயே எழுதுகிறார்கள். வேலையோடு, மணமுறிவும் நோயும் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் அங்கே எழுதப்படுகின்றன.

அதே ஹார்வர்டில் 1938இல், 268 மாணவர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று தொடங்கியது. வினாத்தாள், மருத்துவ ஆவணம், நேர்காணல் என்று பல பத்தாண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வில், பின்னாளில் மனைவியரையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பது வயதில் மிகுந்த உடல்நலத்தோடு இருந்தார்கள் என்பதும், இதை முன்கூட்டிக் காட்டுவதில் இரத்தக் கொழுப்பின் அளவைவிட அந்த நிறைவே மேலானதாக இருந்தது என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தவை. மாணவரின் வாழ்க்கையை அறிய அவர் குடும்பத்தை அணுகலாம் என்பதை ஆய்வாளர்களே ஏற்றுக்கொண்டிருக்கும்போது, ஒரு சங்க இதழ் ஏன் மறுக்க வேண்டும்?

சொல்லத் தொடங்கியதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் படிவத்தில் ‘தற்போதைய பதவி’, ‘நிறுவனத்தின் பெயர்’ ஆகிய இரண்டையும் நிரப்பாமல் செய்தி அனுப்ப முடியாது. பிள்ளைகளுக்காக வேலையை விட்டவர்கள், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், வேலை இழந்து தேடிக்கொண்டிருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் ஆகியோர் அந்தக் கட்டங்களில் எதை எழுதுவார்கள்? எங்கள் வகுப்பில் பாடத்தில் முதலாவதாக நின்ற தோழி ஒருவர், தொடர்ந்து கவனிப்புத் தேவைப்படும் மகனை வளர்ப்பதற்காக ஆராய்ச்சியை விட்டார். இன்று அவர் தம்மைப் போன்ற பெற்றோர் பலருக்கு வழி சொல்லித் தருகிறார். அவரைப் பற்றி இதழில் ஒரு வரிகூட வந்ததில்லை. திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்ட பெண்களில் பலர், பழைய பெயரில் தேடப்பட்டு, அதே ‘தொடர்பில் இல்லாதோர்’ பட்டியலில் ஆண்டுதோறும் கிடக்கிறார்கள். பதவி உயர்வும் விருதும் பெற்றவர்களை வாழ்த்துவதில் எனக்கு மகிழ்ச்சியே. அவர்களும் எங்கள் நண்பர்கள்தாம். ஆனால் இதழைப் புரட்டும் ஒருவர், எங்களோடு படித்தவர்களுள் யாருமே நோய்வாய்ப்படவில்லை, யாரும் வேலை இழக்கவில்லை, யாரும் சாகவில்லை என்றல்லவா நினைத்துக்கொள்வார். சரிவில் இருப்பவர் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, நமக்கு இங்கே இடமில்லை என்று ஒதுங்குகிறார். பிறகு அவர் தொடர்பில் இல்லை என்று நீங்கள் வருந்துகிறீர்கள்.

குறைகளைப் பட்டியலிடுவது என் நோக்கமன்று. கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன். முன்னாள் மாணவரின் துணைவரோ, பிள்ளைகளோ, பெற்றோரோ, உடன்பிறந்தவரோ தரும் செய்தியை, உரிய சான்றைப் பார்த்தபின் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓடிபி இல்லாமல், தபால் மூலமாகவும் அதை அனுப்ப வழி செய்யுங்கள். பதவியும் நிறுவனமும் கட்டாயம் என்ற நிபந்தனையை நீக்குங்கள். மறைந்தவர்களுக்கென்று இதழில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர்களுடைய பெயரை நன்கொடைப் பட்டியலிலிருந்து அன்றே எடுத்துவிடுங்கள். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு ஆகாது. சங்கத்தின் விதிகளில் எதையும் திருத்த வேண்டியதும் இல்லை. செய்தியை உறுப்பினரிடமிருந்து மட்டுமே பெற வேண்டும் என்று விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை. படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோழரைப் பொறுத்தவரை, அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டும் என்றும், அவருடைய துணைவியாருக்குச் செயலாளரின் கையெழுத்தோடு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மையார் எழுதிய நான்கு வரிகளின் நகலை இந்த மடலின் அலுவலகப் படியோடு இணைத்திருக்கிறேன். எங்கள் தோழர் எந்த ஆண்டில் படித்தார், தாயைப் பார்த்துக்கொள்வதற்காக எப்போது ஆராய்ச்சியை விட்டார், அதன் பிறகு மாலை நேரங்களில் பெரியவர்களுக்கு எப்படி எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார், என்று காலமானார் என்பவைதான் அவற்றில் இருக்கின்றன. ஒரு சொல்லையும் மாற்றாமல், எங்கள் ஆண்டுக்குக் கீழே அவற்றை வெளியிட வேண்டுகிறேன். அடுத்த இதழ் அச்சுக்குப் போகும் முன் உங்கள் முடிவைத் தெரிவித்தால், வெளிநாடுகளில் இருக்கும் நண்பர்களுக்கு, இதழைப் பாருங்கள் என்று நானே எழுதிவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவர்