ஹெல்மெட்டோடு திரும்பி வந்த தம்பிக்கு

போன கிழமை கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த பஸ்ஸில் அம்மாவின் கைப்பை தொலைந்தது. புது அடையாள அட்டைக்கு பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும். பொலிஸ் நிலையத்தில் அதைச் சிங்களத்தில் எழுதி, "கையெழுத்து வையுங்க" என்றார்கள். வாசிக்கத் தெரியாத தாளோடு அம்மா அப்படியே நின்றா.

தம்பி, உங்கள் பெயர் தெரியாது. கடமை முடிந்து ஹெல்மெட்டோடு வெளிக்கிட்ட நீங்கள், யாரும் கேட்காமலே திரும்பி வந்தீர்கள். "இருங்க அம்மா" என்று கதிரையை இழுத்துப் போட்டு, தெரிந்த தமிழில் வரிவரியாகச் சொன்னீர்கள். தொலைந்த இடமே பிழையாக இருந்தது. பிறகு முழுவதையும் தமிழில் எழுதச் செய்தீர்கள். 1988 இல் வந்த, இலங்கை அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி அது எங்கள் உரிமைதான். ஆனால் சீருடைக்காரர் ஒருவர் அதைத் தானாக எடுத்துத் தந்தது அம்மாவுக்கு இதுவே முதல் தடவை. பொலிஸ் என்றாலே பயந்த மனுஷி, கல்லடிப் பாலம் தாண்டும்வரை உங்களைப் பற்றியே கதைத்தா.

மிக்க நன்றி தம்பி. இது உங்கள் கண்ணில் பட வேண்டும்.