அந்த ஒரு மணி நேரத்தை யாரிடம் கேட்பது

பாம்பன்
பங்குனி மாதம்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று இன்னும் தொடங்கவில்லை, வெயில் முந்திக்கொண்டது. மாப்பிள்ளையும் பேத்தியும் நலமா? போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் பாதியில் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி. அவசரச் செய்தி எதுவும் இதில் இல்லை.

போன தடவை பேசும்போது நீ சொன்ன ஒன்று எனக்கு ஒப்பவில்லை. "எனக்கு மன உறுதியே கிடையாதுப்பா, உட்கார்ந்தால் போனை எடுத்துவிடுகிறேன், தனுஷ்கோடிப் புயலை வைத்து எழுதுகிற அப்பத்தா கதை என்னால் முடியாது" என்றாய். உறுதியில்லாதவள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முதல் நான்கு அத்தியாயத்தை எழுதியிருக்க மாட்டாள். நீ உன்னைத் திட்டிக்கொள்வதில் செலவழிக்கிற நேரத்தில் பாதியை மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதில் செலவழித்திருந்தால் ஐந்தாவது அத்தியாயம் வந்திருக்கும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

உன் அம்மா கடல்பாசி பறிக்கப் போவதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறாய். விரலில் துணி சுற்றுவதும், கண்ணாடி மாட்டுவதும், இடுப்பில் வலைப்பை கட்டுவதும் உனக்குப் பழக்கம். ஆனால் பாசிக்குப் போகிற பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குகிறார்கள் என்பதை யோசித்திருக்கிறாயா? பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தாலும், கொழுந்தியாள் கல்யாணம் வந்தாலும், மீதி நாள் யாரும் இறங்குவதில்லை. இரும்பால் சுரண்டுவதும் கூடாது, கையால் பறிப்பதுதான். மரிக்கொழுந்துப் பாசி பாறையில் திரும்பத் தழைக்க நாள் வேண்டும். அதற்குள் கை வைத்தால் அடுத்த பருவத்துக்கு வெறும் பாறைதான் மிச்சம். இதைப் பெண்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். கரையில் உட்கார்ந்து எண்ணுவதற்கு எந்த அதிகாரியும் கிடையாது.

இதில் சூட்சுமம் என்னவென்றால், உன் அம்மா ஒருத்தி மட்டும் "நான் 12 நாள்தான் போவேன்" என்று சபதம் எடுத்திருந்தால் அது ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. பதின்மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரி சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்ததும் இவளும் கிளம்பியிருப்பாள். எல்லாருமாகச் சொல்லி வைத்ததால்தான் தாங்குகிறது. பாக் நீரிணையிலும் இதே கதைதான். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற கிழமை நாட்டுப்படகுக்கு. அது யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததில்லை. வலை அறுபட்டு, அடிதடியாகி, பிறகு உட்கார்ந்து பேசிக் கிழமை குறித்தார்கள். இன்றைக்கும் குறை சொல்லாத ஆள் கிடையாது, ஆனாலும் அவரவருக்கு ஒரு நாள் இருக்கிறது.

உன் வீட்டில் உனக்குக் கிழமை குறிக்கவில்லை. வீடு தூங்கின பிறகு மிஞ்சுகிற நேரம் உன்னுடையது என்று வைத்திருக்கிறாய். மிஞ்சுகிற நேரத்தில் உடம்பும் மிஞ்ச வேண்டுமே. ராத்திரி பதினோரு மணிக்குக் கை போனைத் தேடுவது சோம்பேறித்தனம் என்றா நினைக்கிறாய்? அந்த நேரத்துக்கு உடம்பால் அதுதான் முடியும்.

நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் எழுத்தாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை விடாமல் படித்தவன் நான். கதையைவிட அதில்தான் எனக்கு ருசி. நம்மவர்களில் எழுத்தை மட்டும் நம்பிச் சோறு தின்றவர்கள் குறைவு. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தார் (நம் ராமநாதபுரம் முண்டு வத்தலும் அவர் கடைக்குப் போயிருக்கும் என்று நானாக நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வேன், ஆதாரம் கிடையாது). அசோகமித்திரன் தியாகராய நகரில் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். இதையெல்லாம் முன்பு உனக்கு உற்சாகம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது வேறு மாதிரிப் படிக்கிறேன். பூங்காவுக்கு எழுதப் போகிற மனுஷனின் வீட்டில் அந்த நேரம் பிள்ளைக்குச் சோறு ஊட்டியது யார்? அதை எந்தக் குறிப்பிலும் போட மாட்டார்கள்.

போட்டவர் ஒருத்தர் உண்டு. இங்கிலாந்தில் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாற்பதுக்கும் மேல் நாவல் எழுதிய அந்தோணி டிரோலோப். காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதுவார். எல்லாரும் இந்த 250-ஐத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. தன்னை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கு ஒரு வயசான வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். தன் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்த ஆளுக்குத்தான் கடன்பட்டிருப்பதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒழுக்கத்துக்குப் பேர்போன மனுஷன்கூடத் தன் உறுதியை மட்டும் நம்பிப் படுக்கவில்லை, பார்.

அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனை நீயே படித்திருக்கிறாய். பதிப்பகத்தில் வேலை, இரண்டு பையன்கள், கூடப் பங்கு போட யாரும் இல்லை. அதனால் பிள்ளைகள் விழிக்குமுன் இருட்டில் எழுந்து எழுதினார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அவரைப் பார்த்து நீயும் நாலு மணிக்கு அலாரம் வைக்க வேண்டாம். ராத்திரி இரண்டு தடவை விழிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் எழுத்தும் வராது, உடம்பும் போய்விடும். அவர் தனியாக இருந்தார். நீ தனியாக இல்லையே.

போன் விஷயத்துக்கும் வருகிறேன். அதில் தப்பு முழுக்க உன்னுடையது இல்லை. அடி தெரியாமல் இறங்கிக்கொண்டே போகிற அந்தத் திரையை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். செய்ததற்காக வருத்தப்பட்டு அவரே பேசியிருக்கிறார். முன்பு பக்கம் முடியும், கையும் நிற்கும். இப்போது நிற்பதற்கு இடமே வைக்கவில்லை. இன்னொன்று, சோஃபி லெரோய் என்ற ஆராய்ச்சியாளர் 2009-இல் எழுதியது: ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குப் போனால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. ஆபீஸ் மெசேஜை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கதைக்குத் திரும்பினால் போதும், அந்த மேனேஜர் அப்பத்தாவுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வார்.

அதனால் எழுதுகிற நேரத்தில் உன் போன் மாப்பிள்ளை கையில் இருக்கட்டும். யார் கூப்பிட்டாலும் அவர் எடுக்கட்டும், நாங்கள் கூப்பிட்டாலும் சரி. காலையில் பேத்தியைப் பார்க்க உன் அம்மா வீடியோ காலில் வருவாளே, அதை ராத்திரி ஏழரைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். முகத்தைச் சுளித்தாள். பிறகு, "பாசிக்கு நாள் வைத்த மாதிரியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் பேசவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. தனுஷ்கோடி பற்றிய வீடியோக்களை உட்கார்ந்து பார்க்கிறாயே, அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறாய். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல், அதில் கடலோடு போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், இடிந்த தேவாலயம், எல்லாவற்றிலும் அதேதான் திரும்பத் திரும்ப வருகிறது. அப்பத்தா அந்த ராத்திரி உலை வைத்த பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியதும், அரிசி வெந்ததா என்று வழியெல்லாம் கவலைப்பட்டதும் எந்த வீடியோவிலும் கிடைக்காது. அது உனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை எழுது. தெரியாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போ, கோடு போட்ட கேள்விகளை எனக்கு அனுப்பு. இங்கே இன்னும் இரண்டு மூன்று பெரியவர்கள் இருக்கிறார்கள். போய்க் கேட்டு எழுதி அனுப்புவது என் வேலை. எனக்கும் பொழுது போகும்.

ஒரு மாதம் லீவு போட்டு ஒரேயடியாக முடித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். அந்தப் புயலில் சேதமான நம் பாம்பன் ரயில் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்த கதையைச் சொல்லி வளர்த்தது நான்தான், அதனால் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது ஏற்கெனவே 1914-இல் கட்டிய பாலம். எந்தத் தூணுக்கு மேல் எது வர வேண்டும் என்று தெரியும். பக்கத்தில் புதுசாகக் கட்டியதைப் பார், 2020-இல் வேலை ஆரம்பித்து 2025 ஏப்ரல் 6-ஆம் தேதிதான் திறந்தார்கள். உன் கதை இரண்டாவது வகை. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று கேட்டு வாங்கு. லீவை பேத்திக்குக் காய்ச்சல் வருகிற நாளுக்கு வைத்துக்கொள்.

அந்த மூன்று நாளும் கிழமை சொல்லிக் குறிக்க வேண்டும். "நேரம் கிடைக்கும்போது" என்றால் கிடைக்காது. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று நான் யோசித்தேன், உங்களுக்கு எது தோதோ அதை வையுங்கள். பதிலுக்கு மாப்பிள்ளைக்கும் ஒரு கிழமை கொடு. அவர் சனிக்கிழமை கிரிக்கெட் ஆடப் போவதை நிறுத்தி மூன்று மாதமாச்சு என்றாயே, அதைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல். ஒருத்தருக்கு மட்டும் நாள் ஒதுக்கினால் நாலு வாரத்தில் மனஸ்தாபம் வரும். இதை நான் அவரிடம் பேச மாட்டேன். மாமனார் சொல்லிச் செய்தால், உங்கள் அப்பாவுக்காகச் செய்தேன் என்று ஆகிவிடும். நீயே கேள், விடுமுறை நாளில் கேள், சண்டை நடக்கிற நேரத்தில் கேட்காதே.

குறித்த நேரத்தில் ஒன்றுமே எழுத வரவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திரு. வெறித்துப் பார். துணி மடிக்கப் போய்விடாதே. நீ எழுந்து வேலை பார்ப்பதை இரண்டு தடவை பார்த்தால் வீட்டில் எல்லாருக்கும் அந்த மணி நேரம் பொது நேரமாகிவிடும்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். பாசிக்கார பெண்களும் அந்தச் சமயத்தில் ஒன்றரை மாதம் கடலில் இறங்க மாட்டார்கள். உன் அம்மா அங்கே வருகிறாள். சேது எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. பிள்ளையை அவள் பார்த்துக்கொள்வாள், ஆனால் சமைக்க மாட்டாளாம், அதை இப்போதே எழுதச் சொன்னாள். அவள் திரும்பி வந்த பிறகும் உன் கிழமைகள் நிற்க வேண்டும் என்பதால், மாப்பிள்ளையிடம் பேசுவதை அதற்கு முன்னாடியே முடித்துவிடு. நெத்திலிக் கருவாடும், பேத்திக்குக் கருப்பட்டியும் அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வேறு என்ன வேண்டும் என்று எழுது, பதின்மூன்றாம் தேதிக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா