அசனத்துக்கு நீ அனுப்பிய பணம்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை.

பிரதிஷ்டை பண்டிகையில் சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனத்துக்கு என்று நீ போட்ட 50,000 வந்தது. கூடவே கேட்டிருந்தாய்: ஊரே கூடிக் கறிச்சோறு தின்பதைவிட, இல்லாதவர்களுக்கு மட்டும் பொட்டலம் கொடுத்தால் என்ன? நியாயமான கேள்விதான். இரண்டு நாள் யோசித்தேன்.

நம் சபையில் தலைக்கட்டுக்கு 2 படி அரிசியும் 500 ரூபாயும் வரி. நானும் கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டியும் சாக்கோடு வீடு வீடாகப் போனோம். வடக்குத் தெருவில் பீடி சுற்றும் ஆச்சி, உனக்கு நினைவிருக்கும், தனிக்கட்டை. "உங்களுக்கு வேண்டாம் ஆச்சி, விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டேன். பதில் பேசாமல் உள்ளே போனாள். படியில் அரிசியைக் கோபுரமாகக் குவித்துக் கொண்டுவந்து சாக்கில் தட்டினாள். இரண்டாவது படியும் அப்படியே. "அப்ப நான் மட்டும் ஓசிச்சோறா?" என்றாள். பொட்டலம் நீட்டியிருந்தால் வாங்கியிருப்பாள். இதைக் கேட்டிருக்க முடியாது. வடித்த சோற்றை ஓலைப்பாயில் கொட்டிய பிறகு, எது ரேஷன் அரிசி, எது பெரிய வீட்டு அரிசி என்று யார் பிரிப்பது?

இப்படி எல்லாரும் ஒன்றாக உட்காருவதுதான் நம் கிறிஸ்தவர்களுக்கே ஒரு காலத்தில் கசந்தது. தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள், நற்கருணை வாங்குவதிலும் முன்பின் பார்த்தார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் அதையெல்லாம் உடனே விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். கோபித்துக்கொண்டு சபையை விட்டே போனவர்கள் உண்டு. ஞானஸ்நானம் பிடித்தது, பந்திதான் பிடிக்கவில்லை! கொரிந்தியர்களைப் பவுல் திட்டுவதும் (முதல் நிருபம், 11-ஆம் அதிகாரம்) பந்திக்காகத்தான். உள்ளவன் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்க, இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருந்தான்.

போன வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கமிட்டிக்காரர்களுக்கும் வெளியூர் விருந்தாளிகளுக்கும் பள்ளிக்கூட வகுப்பறையில் மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். கூப்பிட்டார்கள், போய் உட்கார்ந்துவிட்டேன். தனிச்சட்டியிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்துக் கறி வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, கயிறு கட்டி நிறுத்தியிருந்த கூட்டத்தில் ஆச்சி தூக்குவாளியோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கறி எப்படி இறங்கும்?

இந்த வருஷம் சபை மன்றத்தில் சண்டை பிடித்து மேசையை எடுக்க வைத்தேன். சபை குருவான ஐயரும் தரையில்தான். கால் மடக்க முடியாதவர்களுக்கு மட்டும் பெஞ்சு, உன் அம்மா உட்பட. எனக்குக் கிடைத்தது ரசவாளி. கறிவாளியைத் தரமாட்டார்கள், என் கை ரொம்பத் தாராளமாம்.

உன் பணத்தில் நம் வீட்டு வரி 500 மட்டும் எடுத்தேன். முழுதையும் போட்டிருந்தால் அது நீ வைத்த விருந்தாகிவிடும், ஊர் அசனமாக இராது. மீதி பாஸ்புக்கில் அப்படியே கிடக்கிறது. உன் யோசனையையும் நான் தள்ளிவிடவில்லை. பீடி வேலை குறையும் மாதங்களில் அரிசியாகக் கொடுக்கலாம். எந்தெந்த வீட்டுக்கு என்று ஆச்சியிடமே கேட்கிறேன்.

அடுத்த வருஷம் லீவு போட்டு முந்தின ராத்திரியே வந்து சேர். வெங்காயம் உரிக்க ஆள் குறைகிறது.

அப்பா