பயிற்சியில் விழும் அடிகளை யார் எண்ணுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சூப்பர் பௌல் இறுதியாட்டச் சமயத்தில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த அமெரிக்கக் கால்பந்துக் கட்டுரையைப் படித்தேன். புதுவகை ஹெல்மெட்டுகள், மைதானத்தின் ஓரத்திலேயே நிற்கும் நரம்பியல் மருத்துவர்கள் என்று விவரித்துவிட்டு, தலைக்காயப் பிரச்சினை ஏறக்குறையத் தீர்ந்துவிட்டதுபோல் முடித்திருந்தீர்கள். என் மகன் கலிபோர்னியாவில் ஒரு உயர்நிலைப்பள்ளி அணியில் லைன்மேன். அவர்கள் ஆட்டங்களில் பந்து நகர்ந்த தூரத்தை அளக்கும் பத்து கெஜச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நிற்கும் அப்பாக்களில் நானும் ஒருவன். அங்கிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் சென்டரைத் தவிர மற்ற லைன்மேன்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். ஒவ்வொரு முறை பந்து நகரத் தொடங்கும்போதும் எதிரே நிற்பவனை முட்டித் தள்ளுவதுதான் அவர்கள் வேலை. யாரும் மயங்கி விழுவதில்லை. எழுந்து, அடுத்த மோதலுக்குக் குனிந்து நிற்பார்கள். மருத்துவர் ஓடி வந்து பார்க்க அதில் ஒன்றுமில்லை.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர் மைக் வெப்ஸ்டர் அப்படி முட்டிக்கொண்டே பல ஆண்டுகள் ஆடியவர். பிற்காலத்தில் மனம் குழம்பி, சில நாட்கள் தன் வண்டியிலேயே படுத்துறங்கும் நிலைக்கு வந்து, 2002இல் 50 வயதில் இறந்தார். பெனட் ஒமாலு என்ற மருத்துவர் அவருடைய மூளையை ஆராய்ந்து, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் அதில் இருந்ததை 2005இல் வெளியிட்டார். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அமைத்திருந்த குழுவின் மருத்துவர்களோ அந்தக் கட்டுரையையே திரும்பப் பெறச் சொன்னார்கள்!

பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் என்எஃப்எல் வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் சி.டி.இ. இருந்தது. பெரும்பாலும் சந்தேகம் வந்த குடும்பங்கள்தான் மூளையைத் தானம் செய்கின்றன, ஆகவே எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்லக் கூடாது. என்னை உலுக்கியது 2023இல் வந்த இன்னொரு ஆய்வு. ஒருவருக்கு எத்தனை கன்கஷன் (அடிபட்டு மூளை அதிர்வது) வந்தது என்பதைவிட, ஆடிய காலம் முழுவதும் தலை வாங்கிய அடிகளின் மொத்த வலுவே சி.டி.இ.யோடு ஒத்துப்போனது. ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், சரி. உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுசாகத் தடுக்க முடியாது.

என்எஃப்எல் வீரர் துவா டகோவைலோவா 2022 செப்டம்பரில் மைதானத்தில் தள்ளாடிய பிறகும் ஆடவிடப்பட்டார், நான்கே நாளில் அடுத்த ஆட்டத்தில் ஸ்ட்ரெச்சரில் போனார். தள்ளாடினால் அன்று திரும்ப ஆடக்கூடாது என்று உடனே விதி வந்தது. நல்லதுதான். ஆனால் அது உலகமே பார்த்த அடிக்கான விதி. யாரும் பார்க்காத அடிகளுக்கு ஒரே வழி, அவற்றைக் குறைப்பதுதான். அதற்குத் தோதான இடம் பயிற்சி மைதானம்.

"பயிற்சியில் மோதாதவன் ஆட்டத்தில் சரியாக மோத மாட்டான், அதுதான் ஆபத்து" என்பார்கள் கோச்சுகள். நியாயமான கவலை. அதற்குப் பதில் டார்ட்மத் கல்லூரியில் இருக்கிறது. அங்கே பட்டி டீவன்ஸ் என்ற கோச் 2010லேயே தன் வீரர்கள் பயிற்சியில் ஒருவரை ஒருவர் டேக்கிள் செய்வதை, அதாவது பிடித்துக் கீழே வீழ்த்துவதை, நிறுத்திவிட்டார். பொம்மைகளை வைத்துத்தான் பழக்கினார். பிறகு ஓடும் ரோபோ பொம்மைகூட வந்தது. 2015இல் அந்த அணி, தான் ஆடும் கல்லூரி லீக்கான ஐவி லீக்கின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டே ஐவி லீக் கோச்சுகள் எல்லோரும் சீசன் பயிற்சிகளில் டேக்கிளைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள்.

கலிபோர்னியாவில் சிறுவர் லீக்குகளுக்கு, முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 30 நிமிடம்தான் என்று சட்டம் இருக்கிறது. உயர்நிலைப்பள்ளிக்கும் இரண்டு நாள்தான், ஆனால் நாளுக்கு 90 நிமிடம்! பையன்கள் கனமாகி, வேகமும் கூடும் வயதில் மூன்று மடங்கு. இதற்கு என்ன காரணம் என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஆட்டத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. என் மகன் அடுத்த சீசனும் ஆடுவான். சட்டம் 90 நிமிடம்வரை விட்டாலும் 30இல் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். இங்கே பிள்ளைகளை அணியில் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோரும் ஹெல்மெட் பிராண்டை விசாரிப்பதற்கு முன் கோச்சிடம் அந்த நிமிடக் கணக்கைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லைன்மேனின் அப்பா,
சாக்ரமென்டோ, கலிபோர்னியா